ஒரு நகைச்சுவையும் ஒரு கையொப்பமும்: ஹைன்ரிக் லூப்கேயின் அரசியல் வாழ்வு

மேற்கு ஜெர்மனியின் இரண்டாம் குடியரசுத் தலைவராக 1959 முதல் 1969 வரை பதவி வகித்த ஹைன்ரிக் லூப்கே, பொதுமக்கள் நினைவில் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் வாயிலாகவே வாழ்கிறார். 1965 மே மாதத்தில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் ஜெர்மனிக்கு வருகை தந்தார். நிகழ்ச்சியொன்று தொடங்கவிருந்த வேளையில் லூப்கே அரசியின் பக்கம் திரும்பி, ‘ஈக்குவல் கோஸ் இட் லூஸ்’ என்றாராம். ‘இதோ தொடங்கப் போகிறது’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் ‘கிளைஷ் கேட் எஸ் லோஸ்’ என்பர். ‘கிளைஷ்’ என்னும் சொல்லுக்கு ‘உடனே’ என்றும் ‘சமம்’ என்றும் இரு பொருள்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியதால் பிறந்த பிழை என்று இதனை நகைச்சுவையாகச் சொல்லி வந்துள்ளனர். மொழி கற்பிப்போர்க்கு இத்தகைய எடுத்துக்காட்டு எத்துணை வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டில் தங்கியிருந்த காலத்தில் நாமும் இதனைக் கேட்டுச் சிரித்ததுண்டு. பின்னர் வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைத்ததும் உண்டு.

அவ்வாக்கியத்தை லூப்கே சொல்லவில்லை. அது ‘டெர் ஸ்பீகல்’ வார இதழின் செய்தியாளர் வட்டத்தில் புனையப்பட்டது என்பதை, அந்நாளில் அவ்விதழில் பணியாற்றிய ஹெர்மன் கிரெம்லிட்சா 2006ஆம் ஆண்டில் எழுத்து வடிவில் வெளிப்படுத்தினார். ஆப்பிரிக்கப் பயணத்தின்போது கறுப்பின மக்களை இழிவான சொல்லால் விளித்துத் தம் உரையைத் தொடங்கினார் என்னும் மற்றொரு கதைக்கும் உறுதியான சான்று எதுவும் கிடைத்திலது. ஆனால் லூப்கேயின் வாழ்வில் புனைவல்லாத சான்றொன்று உண்டு. அது இரண்டாம் உலகப் போர்க்காலக் கட்டட வரைபடங்களில் அவர் இட்ட கையொப்பம். நகைச்சுவையை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. கையொப்பமோ நெடுங்காலம் உரிய முறையில் ஆராயப்படவில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை விளக்க, அவருடைய வாழ்வைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்பது இன்றியமையாததாகிறது.

சவர்லாந்து மலைப்பகுதியிலிருந்து

லூப்கே 1894 அக்டோபர் 14ஆம் நாள் வெஸ்ட்ஃபாலியாவின் சவர்லாந்து மலைப்பகுதியிலுள்ள என்க்ஹவுசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காலணி தைப்பவர். அத்துடன் சிறிதளவு நிலத்தையும் உழுதுவந்தார். ஒரு தொழிலால் மட்டும் பிழைக்க இயலாத மலைநாட்டுக் குடும்பங்களில் இது வழக்கமே. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த லூப்கே, தாயாரின் உழைப்பாலும் உடன்பிறந்தோர் துணையாலும் உயர்நிலைக் கல்வியை முடித்தார். பான் நகரில் நில அளவையியலும் வேளாண்மையும் பயின்றார். 1914இல் போர் மூண்டதும் தன்னார்வமாகப் படையில் சேர்ந்து, துணைநிலை அலுவலராகப் பணி முடித்துத் திரும்பினார். கல்வியைத் தொடர்ந்து 1921இல் நில அளவையாளர் தேர்வில் தேறினார்.

அவருடைய தமையனார் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் லூப்கேயும் அரசியலில் உயர்நிலை எய்தியவர். உழவரான அவர், 1951 முதல் 1954 வரை வடபுறத்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். கடலிலிருந்து மீட்கப்பெற்ற நிலப்பரப்பொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காலணி தைப்பவரின் வீடொன்றிலிருந்து ஒரு மாநில முதலமைச்சரும் ஒரு நாட்டுத் தலைவரும் தோன்றியதைத் தனிமனிதத் திறமையால் மட்டும் விளக்கிவிட முடியாது. சவர்லாந்து கத்தோலிக்கர் வாழும் பகுதி. 1870களில் பிஸ்மார்க்கின் அரசு கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்க முற்பட்டபோது, அம்மக்கள் மையக் கட்சி என்னும் தங்கள் கட்சியின்கீழ்த் திரண்டனர். குருமார், உழவர் சங்கங்கள், கூட்டுறவு வங்கிகள், நாளிதழ்கள் என அக்கட்சியைச் சூழ்ந்து ஒரு பெரும் அமைப்பே உருவாயிற்று. குடிப்பிறப்பும் செல்வமும் இல்லாத ஒரு மாணவனைப் பொதுவாழ்விற்கு ஏற்றிவிட அவ்வமைப்பால் முடிந்தது. பிரஷ்யப் பழைமைவாதிகளின் கட்சியில் அத்தகைய வாயில் திறந்திருக்கவில்லை. லூப்கேயின் பழைமைவாதம் சமயப் பற்று, குடும்பம், சிறு நிலவுடைமை ஆகியவற்றின்மேல் எழுந்தது. பெருநிலக்கிழார்களுக்கு அது ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை.

இவ்வேறுபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. 1920களில் அவர் பெர்லினில் சிறு, நடுத்தர உழவர்களின் அமைப்புகளில் பணியாற்றினார். 1926 முதல் ‘ஜெர்மன் உழவர் குழாம்’ என்னும் அமைப்பின் மேலாளராக இருந்தார். அதனையொட்டி ஒரு குடியேற்ற நிறுவனத்தையும் நடத்தினார். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே கடனில் மூழ்கிய பெரும்பண்ணைகளை வாங்கி, அவற்றைக் கூறுபடுத்தி, நிலமற்ற உழவர் பிள்ளைகளைக் குடியமர்த்துவதே அந்நிறுவனத்தின் வேலை. அப்பண்ணைகளின் உடைமையாளர்கள் ‘யுங்கர்’ எனப்படும் பழங்குடி நிலப்பிரபுக்கள். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அணுக்கத்தார் பலரும் அவ்வகுப்பினரே. 1932இல் தலைமையமைச்சர் புரூனிங் குடியேற்றத் திட்டத்தை விரிவுபடுத்த முயன்றபோது அவர்கள் அதனை ‘வேளாண் போல்ஷெவிசம்’ எனச் சாடினர்; புரூனிங் பதவி இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அக்காலத்தில் மையக் கட்சியின் சார்பில் பிரஷ்ய மாநில மன்றத்தில் அமர்ந்திருந்த லூப்கேயின் பகைவர் யாவர் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

சிறையும் போரும்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் லூப்கேயின் பதவிகள் பறிக்கப்பட்டன. குடியேற்ற நிறுவனத்தின் பணத்தைக் கையாடினார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1934 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டு, தீர்ப்பு ஏதுமின்றி ஏறத்தாழ இருபது மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். குற்றச்சாட்டு நிலைநாட்டப்படவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் வேலையின்றியே கழிந்தன. அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை என்பதையும் இங்குப் பதிவு செய்தல் வேண்டும்.

1939இல் வால்டர் ஷ்லெம்ப் என்பாரின் கட்டடக்கலை, பொறியியல் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அவ்வலுவலகம் ஹிட்லரின் கட்டடக்கலைஞரான ஆல்பெர்ட் ஸ்பீரின் அதிகார எல்லைக்குள் இயங்கியது. அதற்குக் கிடைத்த முதன்மைப் பணிகளுள் ஒன்று, பால்டிக் கடலோரத்தில் பேனெமுண்டெ ஏவுகணை ஆய்வு நிலையக் கட்டுமானம். லண்டன்மீதும் ஆண்ட்வெர்ப்மீதும் பின்னர் ஏவப்பட்ட வி-2 ஏவுகணை உருவானது அங்கேதான். அக்கட்டுமானத்தில் அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்களும், 1943 முதல் வதைமுகாம் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். லூப்கே அங்குப் பொறுப்பான கட்டுமான மேற்பார்வையாளருள் ஒருவர். 1943 ஆகஸ்டில் பிரித்தானிய விமானங்கள் அந்நிலையத்தின்மீது குண்டுமழை பொழிந்தபோது மாண்டோருள் மிகப் பலர், தப்பியோட வழியின்றி முகாம்களில் அடைபட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களே. அதன்பின் போர்த்தொழிற்சாலைகளை நிலத்தடிக்கு மாற்றும் வேலை முடுக்கிவிடப்பட்டது. ஷ்லெம்ப் குழுமம் நடுஜெர்மனியின் உப்புச் சுரங்கங்களில் அப்பணியை மேற்கொண்டது. புகன்வால்ட் வதைமுகாமின் துணை முகாம்கள் அச்சுரங்கங்களை ஒட்டி அமைந்தன.

நம்முடைய சிக்கல் இங்குத் தொடங்குகிறது. அவ்வாட்சியால் சிறையிடப்பட்டவர், அவ்வாட்சியின் கட்டாய உழைப்பு அமைப்பில் ஓர் அலுவலராகவும் விளங்கினார். இரண்டும் மெய்யே, ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. நாற்பத்தைந்து அகவையை நெருங்கிய, வேலையற்றிருந்த ஒருவர் கிடைத்த பணியை ஏற்றதில் வியப்பில்லை. ஆயினும் தங்குகொட்டகையின் வரைபடத்தில் கையொப்பமிடுகையில், அதனுள் அடைக்கப்படப் போகிறவர் யாவர் என்பது மேற்பார்வையாளர்க்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை.

உழவர்களின் அமைச்சர்

1945க்குப் பின் லூப்கே புதிதாகத் தோன்றிய கிறித்துவ ஜனநாயக ஒன்றியத்தில் இணைந்தார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒருங்கே சேர்ந்த பழைமைவாதக் கட்சி அது. 1947 ஜனவரியில் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் உணவு, வேளாண்மை, வனத்துறை அமைச்சரானார். அது கொடும் பனிக்காலம். ரூர் தொழில்நகரங்களில் உணவுப் பங்கீடு நிலைகுலைந்து, சுரங்கத் தொழிலாளர் பட்டினியால் வேலைநிறுத்தத்தில் இறங்கிய காலம். உழவரிடமிருந்து விளைச்சலைக் கட்டாயமாகத் திரட்ட வேண்டிய பொறுப்பு உழவர்களின் தோழரான லூப்கேயின் தலையில் விழுந்தது. நில மறுபங்கீட்டை அவர் ஆதரித்ததால் சொந்தக் கட்சியின் நிலவுடைமையாளரும் அவரிடம் மனக்கசப்புக் கொண்டனர். 1949இல் கூட்டாட்சி நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதிலும் மாநிலப் பணியின் பொருட்டு அடுத்த ஆண்டே அவ்விடத்தைத் துறந்தார்.

மாநில அமைச்சர் பதவியிலிருந்து விலகியபின் சிறிது காலம் ரைஃபைசன் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்தார். தமிழ் வாசகர்க்கு இப்பெயர் முற்றிலும் அந்நியமன்று. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அளித்த அறிக்கை, ரைஃபைசனின் சிற்றூர்க் கடன் சங்கங்களையே முன்மாதிரியாகக் காட்டியது. தமிழகத்துக் கூட்டுறவு இயக்கத்தின் வேர் ஒன்று ரைன்லாந்து சிற்றூர்களைத் தொட்டு நிற்கிறது என்பது தனியே ஆராயத்தக்க செய்தி.

1953இல் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்த லூப்கேயைத் தலைமையமைச்சர் கொன்ராட் அடினாவர் கூட்டாட்சி வேளாண் அமைச்சராக்கினார். அந்த ஆறாண்டுகளே அவருடைய வாழ்வின் பயன்மிகு காலம் என்பது நம் கருத்து. போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியின் தொழில்துறை வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. உழவர் வருமானமோ பின்தங்கியது. விளைபொருள் விலையை அரசு உயர்த்திப் பிடித்தால் போதும் என்பது உழவர் சங்கத்தின் நிலைப்பாடு. லூப்கே அதனை முழுமையாக ஏற்கவில்லை. நில அளவையாளராகிய அவர் வேறொன்றைக் கண்டார். மரபுவழிச் சொத்துப் பங்கீட்டால் ஒரே குடும்பத்தின் நிலம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. துண்டுக்குத் துண்டு நடப்பதிலேயே உழவனின் பொழுது கழிந்தது. டிராக்டரைத் திருப்பவும் இடமில்லை. விலையை எவ்வளவு உயர்த்தினாலும் இக்குறை நீங்காது. எனவே துண்டுகளை மாற்றி இணைக்கும் நில ஒருங்கிணைப்பு, நெருக்கடியான ஊர் நடுவிலிருந்து பண்ணை வீடுகளை வயல்வெளிக்கு இடம்பெயர்த்தல், வண்டிப்பாதை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றிற்குப் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்றார்.

1955இல் நிறைவேறிய வேளாண்மைச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. அதன்படி அரசு ஆண்டுதோறும் உழவர் நிலைபற்றிய அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தல் வேண்டும். அக்குறைகளை நீக்க என்ன செய்யப் போகிறது என்பதையும் உடன் தெரிவித்தல் வேண்டும். இதுவே ‘பசுமைத் திட்டம்’ எனப் பெயர் பெற்றது. (நம் மாணவர் இதனை இந்தியாவின் பசுமைப் புரட்சியோடு குழப்பிக்கொள்வதுண்டு, இதற்கும் வீரிய விதைகளுக்கும் தொடர்பில்லை.) அரசின் வாக்குறுதியை ஆண்டுக்கொருமுறை மன்றத்தில் எண்ணிக் காட்டவைத்த இவ்வேற்பாடு, மேடைப் பேச்சில் வல்லவரல்லாத ஒரு நாடாளுமன்றவாதியின் சிறந்த சாதனை எனலாம். அதே திட்டம் சிறு பண்ணைகளின் எண்ணிக்கை குறையவும் துணைபுரிந்தது. குறுநில உழவனைக் காக்கப் புறப்பட்டவர், அவர்களுள் பலர் நிலத்தை விட்டு வெளியேறும் பாதையையும் செப்பனிட்டார். இம்முரண்பாட்டை அவர் எதிர்கொண்டாரா என்பது ஐயத்திற்குரியது.

குடியரசுத் தலைவர்

அவர் அப்பதவிக்கு வந்தது மற்றொருவர் விலகியதன் விளைவே. 1959இல் அடினாவர் தாமே குடியரசுத் தலைவராகப் போவதாக அறிவித்து, சில வாரங்களில் மனம் மாறினார். கட்சி அவசர அவசரமாக வேறொருவரைத் தேடியது. ஜூலை முதல் நாள் மேற்கு பெர்லினில் நடந்த தேர்தலில் இரண்டாம் சுற்றில் 526 வாக்குகள் பெற்று லூப்கே வென்றார். சமூக ஜனநாயகக் கட்சியின் அறிஞர் கார்லோ ஷ்மிட் 386 வாக்குகள் பெற்றார். முந்தைய தலைவர் தியோடர் ஹாய்ஸ் எழுத்தாளர். நாவன்மையும் நகைச்சுவையும் மிக்கவர். அவரை அடுத்து வந்த நில அளவையாளரின் உரைகள் தட்டையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும் அவர் வெறும் அலங்காரத் தலைவராக இருக்கவில்லை. 1960இல் தொழிலுரிமையைக் கட்டுப்படுத்துவதாகக் கருதிய சட்டமொன்றிற்குக் கையொப்பமிட மறுத்தார். இரு பெருங்கட்சிகளும் இணைந்து ஆளவேண்டும் என்பதை இடைவிடாது வலியுறுத்தினார். 1964இல் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகவாதிகளும் அவருக்கே வாக்களித்ததால் 710 வாக்குகளுடன் மீண்டும் தேர்வானார். 1966இல் அமைந்த பெருங்கூட்டணி அவர் விரும்பியதே. உலகின் பசியைத் தம் முதன்மைக் கவலையாகக் கொண்டு ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா எங்கும் பயணம் செய்தார். 1962இல் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டு அவருடைய முன்முயற்சியால் தொடங்கப்பெற்ற பசி ஒழிப்புக் குழுவே பின்னாளில் ‘வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபெ’ என்னும் பெரும் உதவி அமைப்பாக வளர்ந்தது. இப்பயணங்களில் அவர்க்கு உறுதுணையாக இருந்தவர் துணைவியார் வில்ஹெல்மினே. ஆசிரியப் பணி செய்தவர், கணவரினும் ஒன்பது அகவை மூத்தவர், பல மொழிகள் அறிந்தவர்.

இரண்டாம் பதவிக்காலத்தில் லூப்கேயின் நினைவாற்றல் குன்றத் தொடங்கியது. உரையின் நடுவே தடுமாறினார். ஹெல்ம்ஷ்டெட் நகரில் பேசும்போது அந்நகரின் பெயரே அவர்க்கு நினைவுக்கு வரவில்லை. ‘பார்டோன்’ என்னும் அங்கத இதழ் இத்தடுமாற்றங்களை இசைத்தட்டாகத் தொகுத்து விற்றது. நோயுற்ற முதியவரின் குறையைக் கண்டு நாடே நகைத்தது. மெய்யான தடுமாற்றங்கள் போதாதபோது பொய்யானவை படைக்கப்பட்டன. நாட்டுப்புறத்தான் அரண்மனையில் அமர்ந்தால் இப்படித்தான் உளறுவான் என்னும் நகரத்தாரின் எண்ணம் அவற்றிற்கு ஊட்டம் அளித்தது. ‘ஈக்குவல் கோஸ் இட் லூஸ்’ நம்பப்பட்டது அது நிகழ்ந்ததாலன்று. காலணி தைப்பவரின் மகன் சொல்லியிருக்கக்கூடியதாகத் தோன்றியதாலேயே.

கையொப்பம்

அதே ஆண்டுகளில்தான் கிழக்கு ஜெர்மனி, ஆல்பெர்ட் நோர்டன் தலைமையில், லூப்கேயை ‘வதைமுகாம் கட்டுநர்’ எனக் குற்றஞ்சாட்டியது. 1964இல் தொடங்கிய இம்முயற்சி 1966இல் ஆவணங்களின் வெளியீட்டோடு உச்சமடைந்தது. அவை யாவும் போலி என்று பான் அரசு ஒரே சொல்லில் ஒதுக்கியது. 1968இன் தொடக்கத்தில், கையொப்பங்கள் மெய்யானவையே என்று அமெரிக்கக் கையெழுத்து வல்லுநர் ஒருவர் அளித்த கருத்தை ‘ஸ்டெர்ன்’ இதழ் வெளியிட்டது. லூப்கே தொலைக்காட்சியில் தோன்றி, கால் நூற்றாண்டுக்கு முன் இட்ட ஒவ்வொரு கையொப்பத்தையும் நினைவில் வைத்திருக்க இயலாது என்னும் பொருள்படப் பேசினார்.

கிழக்கு ஜெர்மனி கலைந்தபின் ஆய்வாளர்க்கு எட்டிய சான்றுகள் இரு தரப்பையும் நாணச் செய்கின்றன. கிழக்கின் உளவுத்துறை குற்றச்சாட்டைக் கூர்மைப்படுத்த ஆவணத் தொகுப்பில் கைவைத்திருந்தது. ஆனால் லூப்கேயின் கையொப்பம் தாங்கிய வரைபடங்கள் மெய்யானவை. அவருடைய வரலாற்றை 1996இல் விரிவாக எழுதிய ருடோல்ஃப் மோர்சே, அவதூறின் பக்கத்தை வலுவாக எடுத்துரைத்தார். வதைமுகாம் வரலாற்றை ஆராய்ந்த யென்ஸ்-கிறிஸ்டியான் வாக்னரோ, கைதிகளின் உழைப்பைப் பயன்படுத்தியதில் லூப்கேக்கு இருந்த பொறுப்பை வலியுறுத்தினார். நாம் வாக்னரின் பக்கமே சாய்கிறோம். ‘வதைமுகாம் கட்டுநர்’ என்பது மிகை; அவர் அம்முகாம்களின் கொள்கையை வகுத்தவர் அல்லர். கைதிகளின் உழைப்பைக் கணக்கில் கொண்டு கட்டடம் எழுப்பிய ஆயிரக்கணக்கான அலுவலருள் ஒருவர். ஆனால் அந்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய கேள்வியே 1960களின் மேற்கு ஜெர்மனி கேட்க விரும்பாத கேள்வி. எதிரி கேட்டதால் அதனைப் போலி என்றனர்; முதியவர் உளறுகிறார் என்று சிரித்ததால், அவர் நினைவில்லை என்று சொன்னதும் அச்சிரிப்போடு சேர்ந்து போயிற்று. புனைந்த நகைச்சுவைகள் அவர்க்கு இழைத்த அநீதி பெரிது. அவையே அவர் விடைசொல்ல வேண்டிய ஒரு கேள்வியிலிருந்து அவரையும், அவரைப் போன்ற பலரையும் தப்பவும் வைத்தன.

நாம் அவ்வாக்கியத்தை வகுப்பில் சொல்வதை நிறுத்தி நெடுநாளாயிற்று. மாணவர் சிலர் அதனை இன்னமும் எங்கிருந்தோ அறிந்து வந்து எம்மிடமே சொல்கின்றனர். அப்போது பேனெமுண்டெ எங்குள்ளது என்று வரைபடத்தில் காட்டும்படி கேட்கிறோம்.

தம் எழுபத்து நான்காம் பிறந்தநாளான 1968 அக்டோபர் 14ஆம் நாள், பதவிக்காலம் முடியுமுன்பே விலகுவதாக லூப்கே அறிவித்தார். தலைவர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே காலத்தில் வாராதிருக்கவே அம்முடிவு என்று காரணம் சொல்லப்பட்டது. 1969 ஜூன் 30இல் பதவியிலிருந்து இறங்கினார். 1972 ஏப்ரல் 6ஆம் நாள் பான் நகரில் காலமான அவருடைய உடல் என்க்ஹவுசனில் அடக்கம் செய்யப்பட்டது.